ஜாக்கி வைத்த ஹெரால்டும் இரண்டாக வெட்டிய அச்சும்

எங்கள் பெரியப்பாவிடம் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு இருந்தது. வண்டலூர்ப் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையில் செய்த வண்டி. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் அதைக் குடைந்துகொண்டிருப்பார், ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பது என் வேலை. அப்போது பார்த்த ஒரு விஷயம் பல வருஷம் மனசில் உறுத்திக்கொண்டே இருந்தது. பின்பக்கம் ஜாக்கி வைத்துத் தூக்கினால், மற்ற கார்களில் சக்கரம் நேராகத் தொங்கும். ஹெரால்டில் அப்படி இல்லை. பின்சக்கரம் இரண்டும் அடிப்பக்கம் உள்ளே மடங்கி, மேல்பக்கம் வெளியே விரிந்து, பின்னாலிருந்து பார்த்தால் ஒரு புனல் மாதிரி நிற்கும். கோழியைத் தூக்கினால் கால் மடங்குமே, அந்த மாதிரி.

அதைவிட வேடிக்கை, ஜாக்கியை இறக்கிய பிறகும் சக்கரம் நேராகாது. வண்டி பின்பக்கம் தூக்கினாற்போல நிற்கும். "ரெண்டடி தள்ளுடா, சரியாயிடும்" என்பார் பெரியப்பா. தள்ளினால் சரியாகிவிடும். உருளும்போதுதான் டயர் தரையில் நகர்ந்து தன் இடத்துக்குப் போகும். இவ்வளவுதான் அவர் சொன்ன விளக்கம். ஏன் இப்படி என்று கேட்டதற்கு, "ஹெரால்டு அப்படித்தான்" என்றார்.

சென்ற சில மாதங்களாக அமெச்சூர் கார் பந்தயங்களின் வரலாற்றை நோண்டிக்கொண்டிருக்கிறேன். தெருவில் ஓடுகிற சாதாரணக் காரை வாங்கி, அதன் சஸ்பென்ஷனை மாற்றி, ஞாயிற்றுக்கிழமை ரேஸ் ஓடி, திங்கட்கிழமை அதே காரில் ஆபீஸ் போகிறவர்களின் கதை. அதில் போகப் போக, பெரியப்பாவின் மடங்கிய சக்கரத்துக்கே வந்து சேர்ந்தேன். அந்த மடங்கலோடு மல்லுக்கட்டியவர்கள் உலகம் முழுக்க இருந்திருக்கிறார்கள். சிலர் உயிரையும் விட்டிருக்கிறார்கள்.

முதலில் அந்த அச்சைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மாட்டுவண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே இரும்பு அச்சு, இரண்டு முனையிலும் சக்கரம். இடது சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் அச்சு முழுவதும் சாயும், வலது சக்கரமும் கூடவே சாயும். ஆரம்பகாலக் கார்களும் இப்படித்தான். அம்பாசடரின் பின்பக்கம் கடைசிவரை இப்படித்தான் இருந்தது: கனமான ஓர் அச்சு, அதன் நடுவிலேயே டிஃபரன்ஷியல் உருண்டை, இரண்டு பக்கமும் கமான் பட்டை. 1903-இல் எட்மண்ட் ரும்ப்ளர் என்ற ஆஸ்திரியர் ஒரு காப்புரிமை பெற்றார். அச்சை இரண்டாக வெட்டு. டிஃபரன்ஷியலை வண்டியின் சட்டத்தோடு சேர்த்துக் கட்டிவிடு. அதன் இரு பக்கமும் ஒவ்வொரு மூட்டு வைத்து, பாதி அச்சை அந்த மூட்டில் ஊசலாட விடு. ஒரு சக்கரம் பள்ளத்தில் விழுந்தால் அந்தப் பாதி மட்டும் இறங்கும், மற்றது தன் பாட்டுக்குப் போகும். ஸ்விங் ஆக்ஸில் என்று பெயர். செலவு குறைவு, பாகங்கள் குறைவு, கரடுமுரடான ரோட்டில் சொகுசு. செக்கோஸ்லோவாக்கியாவின் டாட்ரா 1923-இல் இதை வைத்துச் சின்னக் கார் செய்தது. ஃபோக்ஸ்வேகன் பீட்டிலிலும் இதே பின் அச்சுதான்.

ரும்ப்ளரின் யோசனையை முன்பக்கத்துக்குக் கொண்டுபோனவர்களில் முக்கியமானவர் இங்கிலாந்தின் லெஸ்லி பாலமி. 1930-களில் ஆஸ்டின் செவன், ஃபோர்டு மாதிரியான மலிவுக் கார்களின் முன் அச்சு வெறும் இரும்புத் தண்டு. அதன் மேலே குறுக்காக ஒரே ஒரு கமான் பட்டை. பாலமி அந்தத் தண்டை நட்டநடுவில் அறுத்தார். அறுத்த இரண்டு முனையையும் சட்டத்தில் ஆணி போட்டு ஊசலாட விட்டார். பட்டை அப்படியே இருக்கும். ஏழைகளின் இண்டிபெண்டன்ட் சஸ்பென்ஷன் என்று சொல்லலாம். சேற்று மேட்டில் யார் கார் அதிக தூரம் ஏறுகிறது என்று பார்க்கிற 'டிரையல்ஸ்' போட்டிக்காரர்களுக்கு இது ரொம்பப் பிடித்துப்போனது. மேடுபள்ளத்தில் ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியாகத் தரையைத் தேடிக்கொள்ளும் அல்லவா!

பழைய ஆஸ்டின் செவன்களை வைத்துக்கொண்டு அல்லாடியவர்களுக்காகவே 1939-இல் '750 மோட்டார் கிளப்' தொடங்கப்பட்டது. போருக்குப் பிறகு அந்தக் கிளப்பின் பந்தயங்களில் பெயரெடுத்த இளைஞர்களில் ஒருவர் காலின் சாப்மன். 1948-இல் ஒரு பழைய ஆஸ்டின் செவனைப் பிரித்து மேய்ந்து தன் முதல் காரைக் கட்டியவர். லோட்டஸ் கம்பெனியின் விதை அது. நாலு வருஷம் கழித்து அவர் மற்றவர்களுக்கும் கிட்டாக விற்ற லோட்டஸ் மார்க் 6-இன் முன்பக்கத்தைப் பார்த்தால், பாலமி பாணியில் நடுவில் வெட்டிய ஃபோர்டு அச்சு! கமான் பட்டைக்குப் பதில் சுருள் ஸ்பிரிங். பின்னாளில் ஃபார்முலா ஒன்னில் உலகச் சாம்பியன் கார்கள் செய்த கம்பெனி, ஒரு ரம்பத்தில் ஆரம்பித்திருக்கிறது.

முன்பக்கம் வெட்டியதில் பெரிய ஆபத்து வரவில்லை. வேகமாகச் சுற்றும் சக்கரம் சாயும்போது ஸ்டீயரிங்கில் ஒரு நடுக்கம் வரும், அவ்வளவுதான். பின்பக்கம் வெட்டியதில்தான் வினை.

அது என்ன வினை? ஒரு ஏணியைச் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறீர்கள். அடியைக் காலால் சுவரை நோக்கித் தள்ளினால் என்ன ஆகும்? ஏணியின் தலை மேலே ஏறும். அடியை வெளியே இழுத்தால் தலை கீழே இறங்கும். ஸ்விங் ஆக்ஸில் கார் வளைவில் திரும்பும்போது நடப்பது இதுதான். வெளிப்பக்கப் பின்சக்கரத்தின் அடியைத் தரை காரை நோக்கி உள்ளே தள்ளுகிறது. அச்சின் மூட்டு தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் இருப்பதால் ஏணியின் தலை மாதிரி அது மேலே ஏறப் பார்க்கும். காரின் பின்புறத்தையும் சேர்த்துத் தூக்கும். உள்பக்கச் சக்கரத்தில் இது தலைகீழ்: அங்கே தரை சக்கரத்தின் அடியை வெளியே இழுக்கிறது, அதனால் உடம்பு கீழே இறங்கப் பார்க்கும். இரண்டும் சமமாக இருந்தால் ஒன்றையொன்று அடித்துவிடும், பிரச்சினையே இல்லை.

ஆனால் வளைவில் கார் வெளிப்பக்கம் சாய்கிறது. பாரம் வெளிச்சக்கரத்தின் மேல் விழுகிறது. தூக்கும் கை பலமாகிறது, இழுக்கும் கை தளர்கிறது. பின்புறம் எழும்புகிறது. எழும்பினால் சக்கரம் உள்ளே மடங்குகிறது, அதாவது ஏணி இன்னும் செங்குத்தாகிறது, இன்னும் சுலபமாகத் தூக்குகிறது. மடங்கிய டயர் ஓரத்தில் நிற்பதால் பிடியும் போய்விடுகிறது. இத்தனையும் ஒரு கண்ணிமைப்பில். வளைவின் நடுவில் ஓட்டுநர் பயந்துபோய் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் கதை முடிந்தது: முன்பக்கம் குனிந்து பின்பக்கம் எழும்பும், பின்சக்கரம் மடங்கும், கார் பம்பரமாகச் சுற்றும், அல்லது உருளும். இங்கிலீஷ்காரர்கள் இதற்கு வைத்த பெயர் 'ஜாக்கிங்'. ஜாக்கி வைத்த மாதிரி தூக்குவதால் அந்தப் பெயர். அதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. பெரியப்பா வீட்டு வாசலில் பார்த்தது அதேதானே! நாங்கள் ஜாக்கி வைத்துச் செய்ததை, வளைவில் அந்தக் கார் தானாகவே செய்துகொள்ளும்.

1930-களின் ஜெர்மன் பந்தயக் கார்களும் ஸ்விங் ஆக்ஸிலில்தான் ஆரம்பித்தன. மெர்சிடிஸ் 1937-இலும், ஆட்டோ யூனியன் 1938-இலும் அதை விட்டுவிட்டு, சக்கரங்களை எப்போதும் நிமிர்த்தியே வைக்கிற டி டியோன் அச்சுக்கு மாறிவிட்டன. பெரிய இடத்தில் விஷயம் தெரிந்துவிட்டது என்று அர்த்தம். அப்படியிருந்தும் 1950-களிலும் மலிவுக் கார்களில் இது தொடர்ந்தது. காரணம் சிம்பிள்: காசு.

டிரையம்ஃப் ஹெரால்டு 1959-இல் வந்தது. தலைமைப் பொறியாளர் ஹாரி வெப்ஸ்டர். உடம்பை வரைந்தவர் இத்தாலியின் மிக்கெலோட்டி. கம்பெனிக்கு உடம்பு செய்து கொடுத்துக்கொண்டிருந்த தொழிற்சாலை போட்டிக் கம்பெனியின் கைக்குப் போய்விட்டதால், தனிச் சட்டம், அதன் மேல் போல்ட் போட்டு மாட்டும் உடம்பு என்று பழைய பாணிக்கே போனார்கள். பின்பக்கம் ஸ்விங் ஆக்ஸில். டிஃபரன்ஷியலின் தலையில் குறுக்காக ஒரே கமான் பட்டை. இந்தக் காரின் முன்பக்கம் மட்டும் தனிக் கதை. 25 அடி வட்டத்தில் திரும்பிவிடும், லண்டன் டாக்ஸி மாதிரி. அதன் முன்சக்கரத்தைத் தாங்கும் நிமிர்ந்த துண்டை லோட்டஸ் உட்பட எத்தனையோ சின்னக் கம்பெனிகள் வாங்கித் தங்கள் ரேஸ் கார்களில் மாட்டின. அமெச்சூர் பந்தயக்காரனுக்கு ஹெரால்டின் முன்பக்கம் வரம், பின்பக்கம் சாபம்.

இனி அந்தப் பந்தயக்காரன் என்ன செய்தான் என்று பார்ப்போம். என்னை வைத்தே யோசிக்கிறேன். கார் வளைவில் சாய்கிறது, பின்பக்கம் எழும்புகிறது. நான் என்ன செய்வேன்? பின் ஸ்பிரிங்கை இறுக்குவேன். இன்னும் இரண்டு பட்டை சேர்ப்பேன். சாய்வைத் தடுக்கும் கம்பியைப் பின்னால் மாட்டுவேன். ரேஸ் கார் என்றால் விறைப்பாக இருக்க வேண்டும் என்பது நம் எல்லோர் தலையிலும் ஏறிப்போன விஷயம்.

அங்கேதான் ஏமாந்துபோவோம். பின்பக்கம் சாய்வை எதிர்த்து விறைப்பாக இருந்தால், வளைவில் பாரத்தின் பெரும்பங்கு பின்னால் வெளிச்சக்கரத்துக்கே போகும். தூக்கும் கைக்கு இன்னும் பலம் கொடுத்த மாதிரி. பணம் செலவழித்துக் காரை இன்னும் ஆபத்தாக்கிக்கொள்வது என்பது இதுதான். இந்தக் கார்களை வசப்படுத்தியவர்கள் செய்தது நேர் எதிர். சாய்வைத் தடுக்கும் வேலையை முன்பக்கத்துக்குக் கொடுத்துவிட்டார்கள், முன்னால் தடித்த கம்பி போட்டு. பின்பக்கத்தை, சாய்வு விஷயத்தில் மட்டும், முடிந்தவரை இளக்கினார்கள். கூடவே பின்பக்கக் கமான் பட்டையின் வளைவைக் குறைத்து வண்டியைத் தாழ்த்தினார்கள். தாழ்ந்தால் சக்கரம் மேல்பக்கம் உள்ளே சாய்ந்து கூரை மாதிரி நிற்கும். புனலாக மாற நிறைய தூரம் பாக்கி இருக்கும். சக்கரம் ரொம்பக் கீழே தொங்காமல் வார் போட்டுக் கட்டியவர்களும் உண்டு.

இதில் 'கேம்பர் காம்பன்சேட்டர்' என்று ஒரு சாமான் புகழ்பெற்றது. பீட்டில் வைத்திருந்தவர்களுக்கு கலிஃபோர்னியாவின் எம்பி என்ற கம்பெனி விற்றது. பெயர்தான் பெரிசு. வண்டிக்கு அடியில், நடுவில் ஓர் ஆணியில் மாட்டிய ஒற்றைக் கமான் பட்டை. அதன் இரு நுனியும் இரண்டு பாதி அச்சையும் அடியிலிருந்து தாங்கிப் பிடிக்கும். தராசுத் தண்டைக் கற்பனை செய்யுங்கள். ஒரு தட்டு ஏறி மறு தட்டு இறங்கினால் தண்டு தாராளமாக ஆடிக்கொடுக்கும். அதாவது கார் சாய்வதை இது தடுக்காது. ஆனால் இரண்டு சக்கரமும் சேர்ந்து கீழே மடங்கப் பார்த்தால் பட்டை வளைய வேண்டும், விடாது. வேண்டிய அசைவை விட்டு, வேண்டாத அசைவை மட்டும் பிடிக்கிறது. ஒரு கொல்லன் அரை நாளில் அடித்துக் கொடுக்கக்கூடிய சாமான் இது.

இந்தத் தராசு யோசனையைக் கடைசி எல்லைவரை கொண்டுபோனவர்கள் ஃபார்முலா வீ காரர்கள். ஃப்ளோரிடாவின் ஹியூபர்ட் பிரண்டேஜ் இத்தாலியில் நார்டியிடம் செய்யச் சொன்ன ஒற்றை இருக்கைக் காரிலிருந்து கிளம்பியது இந்தப் பந்தயம். 1963-இல் அமெரிக்காவின் அமெச்சூர் பந்தயச் சங்கம் அங்கீகரித்தது. பீட்டிலின் 1200 சிசி எஞ்சின், பீட்டிலின் கியர்பாக்ஸ், பீட்டிலின் முன் அச்சு, பின்னால் அதே ஸ்விங் ஆக்ஸில். மாற்றக் கூடாது என்பது விதி. (ஒரு வேடிக்கை: எஞ்சின் அச்சுக்கு முன்னால் வரவேண்டும் என்பதற்காக எஞ்சினையும் கியர்பாக்ஸையும் திருப்பி வைப்பார்கள். உள்ளே ஒரு பல்சக்கரத்தைப் பக்கம் மாற்றிப் போட மறந்தால் ரிவர்ஸில் நாலு கியர், முன்னால் போக ஒன்று!)

அச்சை மாற்ற முடியாது. ஸ்பிரிங்கை எப்படி மாட்டுவது என்பதில் கை வைக்கலாம். அதில்தான் புகுந்து விளையாடினார்கள். சில வருஷங்களில் வந்து நின்றது 'ஜீரோ ரோல்' என்ற அமைப்பு. இரண்டு பின்சக்கரத்துக்கும் பொதுவாக ஒரே ஸ்பிரிங். இரண்டும் சேர்ந்து ஏறினால் அமுங்கும். ஒன்று ஏறி ஒன்று இறங்கினால் ஸ்பிரிங்குக்கு அது தெரியவே தெரியாது. பின்பக்கம் சாய்வுக்கு எதிர்ப்பு என்பதே பூஜ்யம். கார் சாயாமல் நிற்பது முழுக்க முன்சக்கரங்களின் தயவில். பின்னால் இரண்டு சக்கரத்துக்கும் ஏறக்குறைய சமபாரம், தூக்குவதும் இழுப்பதும் அடித்துப்போய்விடும். நிக்கி லௌடா, எமர்சன் ஃபிட்டிபால்டி, கேகே ரோஸ்பெர்க் மூவரும் ஃபார்முலா வீ ஓட்டிப் பழகியவர்கள். மூவரும் பிறகு ஃபார்முலா ஒன் உலகச் சாம்பியன்கள்.

அதற்காக எல்லாப் புகழையும் அமெச்சூர்களுக்குக் கொடுத்துவிட மாட்டேன். மெர்சிடிஸ் ஏற்கெனவே இந்தத் திசையில் போயிருந்தது. இரண்டு பாதி அச்சுக்கும் பொதுவாக, தாழ்வான ஒரே மூட்டு. மூட்டு தாழ்ந்தால் ஏணி படுத்துவிடும், தூக்கும் பலம் குறையும். 1954, 1955 இரண்டு வருஷமும் ஃபாஞ்சியோ உலகச் சாம்பியன் ஆனபோது ஓட்டிய மெர்சிடிஸில் இப்படிப்பட்ட ஸ்விங் ஆக்ஸில்தான். 1957-இன் 300 எஸ்எல் ரோட்ஸ்டரிலும் இதே தாழ்ந்த மூட்டு, கூடவே இரண்டு பாதிக்கும் நடுவே ஒரு ஈடுகட்டும் ஸ்பிரிங். விஷயம் தெரிந்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. மலிவுக் கார் வாங்குகிறவனுக்கு அதைக் கொடுக்கவில்லை, அதுதான் என் வருத்தம்.

அமெரிக்காவில் இதற்கு விலை கொடுத்தார்கள். ஷெவர்லே கார்வேர், 1960 மாடல்: பின்னால் எஞ்சின், பின்னால் ஸ்விங் ஆக்ஸில். முன்னால் சாய்வைத் தடுக்கும் கம்பிகூடப் போடாமல், டயர் காற்றை வைத்துச் சமாளிக்கப் பார்த்தார்கள். முன்சக்கரத்துக்கு 15 பவுண்டு, பின்சக்கரத்துக்கு 26 பவுண்டு என்று புத்தகத்தில் போட்டிருந்தார்கள். பெட்ரோல் பங்க்கில் காற்று அடிக்கிற பையன் அந்தப் புத்தகத்தைப் படித்திருப்பானா? நாலு டயருக்கும் ஒரே அளவு அடித்து அனுப்புவான். விபத்துகள், வழக்குகள். 1964 மாடலில் குறுக்கே ஒரு கமான் பட்டையும் முன்னால் கம்பியும் சேர்த்தார்கள். 1965 மாடலில் ஸ்விங் ஆக்ஸிலையே தூக்கிவிட்டார்கள். ரால்ஃப் நேடரின் புகழ்பெற்ற புத்தகம் 1965 கடைசியில் வந்தது, அதன் முதல் அத்தியாயமே கார்வேர்தான். 1972-இல் அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்பு அமைப்பு சோதித்துப் பார்த்து, அந்தக் காலத்து மற்ற கார்களைவிட அது மோசமில்லை என்று அறிக்கை கொடுத்தது. இரண்டு பக்கமும் இன்றுவரை சண்டை ஓயவில்லை. என்னைக் கேட்டால், "மற்றவர்களைவிட மோசமில்லை" என்பது மற்றவர்களின் மேலும் வைத்த குற்றச்சாட்டுதான்.

டிரையம்ஃப் என்ன செய்தது? ஹெரால்டின் சட்டத்தைக் குறுக்கி 1962-இல் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்தது. அதே பின் அச்சு, ஆனால் ஓட்டுகிறவர்கள் வேகப் பிரியர்கள். புகார்கள் குவிந்தன. 1970 கடைசியில் வந்த ஸ்பிட்ஃபயர் மார்க் 4-இல் தீர்வு வந்தது. கமான் பட்டையில் அடி இலையை மட்டும் டிஃபரன்ஷியலோடு இறுக்கிவிட்டு, மற்ற இலைகளை நடு ஆணியில் ஆட விட்டார்கள். தராசுத் தண்டு! சாய்வு எதிர்ப்பு குறைந்தது. அதை ஈடுகட்ட முன்னால் இன்னும் தடித்த கம்பி. தனியாக வாங்கி மாட்டிக்கொண்டிருந்த காம்பன்சேட்டரின் தத்துவம், கம்பெனிப் பட்டைக்குள்ளேயே புகுந்துவிட்டது. 1980 வரை ஸ்பிட்ஃபயர் அப்படியே ஓடியது.

இனி சென்னை. லைசென்ஸ் காலத்தில் இந்தியாவில் கார் என்றால் மூன்றுதான்: அம்பாசடர், ஃபியட், ஹெரால்டு. ஹெரால்டு 1961-லிருந்து இங்கே தயாரானது. தனிச் சட்டம், போல்ட் போட்ட உடம்பு என்பதால் துண்டு துண்டாகக் கொண்டுவந்து பூட்டுவதற்குத் தோதான வண்டி. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-இல் ஆரம்பித்தது. பந்தயம் நடந்தது சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுபாதையில். ரேஸ் பார்க்கப் போய் வெயிலில் வெந்த கதையைப் பெரியப்பா தலைமுறை ஆட்கள் இன்றைக்கும் சொல்வார்கள். சோழவரத்தில் ஓடிய உள்ளூர்க் கார்களில் ஹெரால்டும் உண்டு. நீண்ட நேர்பாதையில் வேகமாக வந்து, பிரேக்கை மிதித்து, சட்டென்று திரும்புவது என்பது ஸ்விங் ஆக்ஸிலுக்கு ஏற்ற சூழல் அல்ல. பிரேக் மிதித்தாலே பின்பக்கம் எழும்பும், சக்கரம் மடங்கும், அப்போது பார்த்து ஸ்டீயரிங்கை ஒடிக்க வேண்டும். ஆனால் மூன்று கார்களில் ஹெரால்டுதான் லேசு, 800 கிலோ அளவுதான். ஸ்டீயரிங்கும் துல்லியம். ஆசை விடாது.

வெளிநாட்டுச் சாமான் வரவழைக்க முடியாத காலம். ஆனால் மேலே சொன்ன வைத்தியங்களை மறுபடி பாருங்கள்: பட்டையின் வளைவைக் குறைப்பது, ஒற்றைப் பட்டையை ஆணியில் தொங்கவிடுவது, முன்னால் ஒரு கம்பி வளைத்துப் போடுவது, சக்கரம் தொங்காமல் வார் கட்டுவது. லாரிக்குப் பட்டை அடிக்கிற கமான் பட்டறை எந்த ஊரில் இல்லை? உலையில் காய்ச்சி, சுத்தியலால் தட்டி, எண்ணெயில் முக்கி எடுக்கிற வேலை. லண்டனிலிருந்து பார்சல் வர வேண்டியதில்லை. தேவைப்பட்டது, எதைத் தட்ட வேண்டும் என்கிற புத்திதான். கூடுதலாக இரண்டு இலை போடச் சொல்பவனுக்கும், இருப்பதைத் தளர்த்தச் சொல்பவனுக்கும் பட்டறையில் கூலி ஒன்றுதான்.

இந்திய ஸ்டாண்டர்டு கம்பெனி கடைசியில் எடுத்த முடிவு எனக்கு ரொம்பச் சுவாரசியமாக இருக்கிறது. 1972-இல் ஹெரால்டின் வாரிசாக கெஸல் வந்தது. எஞ்சின் அதே 948 சிசி. பின்னால் ஸ்விங் ஆக்ஸில் கிடையாது! வெட்டாத ஒற்றை அச்சு. இங்கே வாங்குகிறவர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் ஸ்விங் ஆக்ஸில் பிடிக்கவில்லை என்பதே காரணமாகச் சொல்லப்படுகிறது. இங்கிலாந்தில் அந்தக் குடும்பத்துக் கார்களுக்கு ஆடும் பட்டையும், வைட்டெஸ் மாதிரி விலை கூடிய வண்டிகளுக்குக் கூடுதல் கைகள் வைத்த புது அமைப்பும் வந்துகொண்டிருந்த நேரத்தில், மெட்ராஸில் மாட்டுவண்டி அச்சுக்கே திரும்பிவிட்டார்கள். பின்னோக்கிப் போய்விட்டார்கள் என்று எழுதுகிறவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. ஒற்றை அச்சு கனம்தான், குலுக்கும்தான். ஆனால் சக்கரம் மடங்காது. நடுவளைவில் காலை எடுத்தாலும் நிமிர்ந்தே நிற்கும். 1970-களில் உலக ராலிகளை வாரிக்கொண்டுபோன ஃபோர்டு எஸ்கார்ட்டின் பின்னாலும் இருந்தது ஒற்றை அச்சுதான். நம்ம ஊர் ராலிகளில் பிறகு கோலோச்சிய மாருதி ஜிப்ஸிக்கோ முன்னாலும் பின்னாலும் ஒற்றை அச்சு, கமான் பட்டை.

கெஸல் ஐந்தாறு வருஷத்தில் நின்றுபோனது. 1983 கடைசியில் மாருதி 800 வந்ததும் அமெச்சூர்களின் கண் அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. அதன் சஸ்பென்ஷனே வேறு சாதி. அதை எழுதப்போனால் தனிப் பதிவு ஆகும். 1990-இல் இருங்காட்டுக்கோட்டை டிராக் வந்தது, சோழவரம் ஓய்ந்தது.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். பெரியப்பாவின் ஹெரால்டு டிக்கியில் எப்போதும் ஒரு மணல் மூட்டை கிடக்கும். பெரியம்மா எத்தனையோ தடவை திட்டியிருக்கிறார், சாமான் வைக்க இடமில்லை என்று. "பின்னாடி வெயிட் இருந்தாதான் வண்டி தரையைப் பிடிச்சு ஓடும், உனக்குத் தெரியாது" என்பார் இவர். மூட்டை அழுத்தியதில் பின்சக்கரம் இரண்டும் எந்நேரமும் லேசாகக் கூரை மாதிரி சாய்ந்தே நிற்கும். ரேஸ்காரர்கள் பட்டையைத் தட்டிச் செய்ததை அவர் மணலை வைத்துச் செய்திருக்கிறார். கணக்குப் பார்த்தால் பாதி சரி, பாதி தப்பு: சக்கரத்தின் சாய்வுக்கு நல்லது, ஆனால் பின்னால் பாரம் கூடினால் வால் வீசுகிற குணமும் கூடும். யார் சொல்லி அந்த மூட்டையைப் போட்டார் என்று கேட்க அவர் இப்போது இல்லை. வண்டியை விற்ற அன்று மூட்டையை இறக்கிக் கிணற்றடியில் போட்டார். பின்பக்கம் இரண்டு அங்குலம் எழும்பி, சக்கரம் மடங்கி நின்றது. வாங்க வந்தவர் குனிந்து பார்த்து முகம் சுளித்தார்.

"ரெண்டடி தள்ளுங்க, சரியாயிடும்" என்றார் பெரியப்பா.